வாசலில் ஒரு கண்

வீட்டுக்கு வெளியே கேமரா: வாங்குவதும் மாட்டுவதும்



பூட்டு நமக்குத் தெரியும். காவல் நாயும் தெரியும். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. முதலில் வங்கியில் பார்த்தோம். பிறகு பஸ் நிலையத்தில் பார்த்தோம். இன்று சாதாரண வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. அதுதான் கண்காணிப்புக் கேமரா. சி.சி.டி.வி. என்றும் சொல்கிறார்கள்.

வெளியூரில் வேலை செய்யும் மகன் போன் செய்கிறான். “நீ தனியா இருக்கேம்மா. பணம் அனுப்புறேன். வாசல்ல ஒரு கேமரா மாட்டிக்கோ” என்கிறான். அம்மா கடைக்குப் போகிறார். கடைக்காரர் பத்து வகை காட்டுகிறார். எல்லாமே நல்லது என்கிறார்.

எதை வாங்குவது? எங்கே மாட்டுவது? அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் படிப்போம்.

1. வழி காட்டிய ஒரு நர்ஸ்

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே குயின்ஸ் என்ற பகுதி. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற பெண் அங்கே வசித்தார். அவர் ஒரு நர்ஸ். அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில் தெரிந்தவர். இருவருக்கும் வேலை நேரம் வேறு வேறு. மேரி பல இரவுகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் குற்றங்கள் அதிகம். கூப்பிட்டாலும் போலீஸ் உடனே வருவதில்லை.

மேரி யோசித்தார். கதவைத் திறக்காமலே வெளியே யார் என்று பார்க்க வேண்டும். கதவில் நான்கு ஓட்டைகள் வைத்தார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக. உள்ளே ஒரு கேமரா மேலும் கீழும் நகரும். குள்ளமானவர் வந்தாலும் தெரியும். உயரமானவர் வந்தாலும் தெரியும். படம் படுக்கை அறையில் இருந்த டி.வி. பெட்டியில் வந்தது. வந்தவரோடு உள்ளிருந்தே பேசலாம். பட்டனை அழுத்தினால் பூட்டு திறக்கும்.

1966ஆம் ஆண்டு இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வீட்டுக் கேமராவுக்கு வழி காட்டியவர் ஒரு நர்ஸ். பயத்தோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. வழி தேடினார்.

2. கேமரா என்ன செய்யும்? என்ன செய்யாது?

கேமரா திருடனைப் பிடிக்காது. கதவைப் பூட்டாது. அது காவல்காரன் இல்லை. அது ஒரு சாட்சி. பார்த்ததைப் பதிவு செய்யும். கேட்கும்போது காட்டும். கேமரா இருப்பதைப் பார்த்துச் சிலர் திரும்பிப் போகலாம். எல்லாரும் போகமாட்டார்கள்.

ஆகவே பணம் செலவழிக்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

கதவும் தாழ்ப்பாளும் உறுதியாக இருக்கிறதா?
இரவில் வாசலில் விளக்கு எரிகிறதா?
பக்கத்து வீட்டாரோடு பேச்சு இருக்கிறதா?

இந்த மூன்றும் சரியாக இருந்தால் கேமரா நான்காவது துணை. இந்த மூன்றும் இல்லையென்றால் முதலில் பூட்டு வாங்குங்கள். அது செலவும் குறைவு.

தனித்தனியாக வாங்க முடியாதவர்கள் சேர்ந்தும் வாங்கலாம். ஹைதராபாத்தில் போலீஸ் துறை ஒரு திட்டம் நடத்தியது. அதன் பெயர் ‘நேனு ஸைதம்’. தெலுங்கில் ‘நானும் கூட’ என்று பொருள். தெருவில் உள்ளவர்களும் கடைக்காரர்களும் பணம் போட்டார்கள். தெருவுக்குப் பொதுவாகக் கேமரா மாட்டினார்கள். ஒரு தெருவுக்கு நான்கு கேமரா போதும் என்றால், வீட்டுக்கு ஒன்று எதற்கு?

3. எந்த வகை நமக்குப் பொருந்தும்?

முக்கியமாக மூன்று வகை உண்டு.

ஒன்று, கம்பிக் கேமரா. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் கம்பி வீட்டுக்குள் வரும். உள்ளே ஒரு பதிவுப் பெட்டி இருக்கும். அதை டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். என்பார்கள். படம் அந்தப் பெட்டியில் சேரும். இதற்கு இன்டர்நெட் கட்டாயம் இல்லை. நான்கு கேமரா வேண்டும் என்றால் இது நல்லது. கம்பி இழுக்கும் வேலை அதிகம்.

இரண்டு, வை-ஃபை கேமரா. படம் காற்று வழியாக வரும். ஆனால் மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். படம் கேமராவில் உள்ள சின்ன அட்டையில் பதிவாகும். அதை மெமரி கார்டு என்கிறோம். வீட்டில் இன்டர்நெட் இருந்தால் இது எளிது. தடித்த சுவர் குறுக்கே இருந்தால் இணைப்பு பலவீனமாகும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். போனை எடுத்துக்கொண்டு கேமரா மாட்டப்போகும் இடத்தில் நில்லுங்கள். வீட்டு வை-ஃபையில் ஒரு வீடியோ போடுங்கள். தடையில்லாமல் ஓடினால் கேமராவும் ஓடும்.

மூன்று, சிம் கார்டு கேமரா. போனில் போடுவது போல இதிலும் சிம் போட வேண்டும். சூரிய ஒளித் தகடும் பேட்டரியும் உண்டு. மின்சாரம் இல்லாத தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இது உதவும். ஆனால் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. பெட்டியைப் படியுங்கள்

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு பெட்டியை நீங்களே படியுங்கள். ஆங்கிலம் முழுதும் தெரிய வேண்டாம். எண்கள் தெரிந்தால் போதும்.

மழையும் தூசியும்: ‘ஐ.பி.’ என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கும். பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். 65, 66, 67 என்று இருக்கலாம். முதல் எண் தூசிக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். வெளியே மாட்ட 65க்குக் குறையாமல் வாங்குங்கள். 66 என்றால் நல்லது. எண்ணே இல்லை என்றால் அது வீட்டுக்குள் வைக்கும் கேமரா.

படத்தின் தெளிவு: இதை மெகாபிக்ஸல் என்பார்கள். 2 மெகாபிக்ஸல் என்றால் படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். சாதாரண வாசலுக்கு இது போதும். அகலமான முற்றம் என்றால் 4 அல்லது 5 பாருங்கள்.

பார்வையின் அகலம்: லென்ஸின் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். 2.8 என்றால் அகலமாகப் பார்க்கும். ஆனால் ஆள் சின்னதாகத் தெரிவார். 6 என்றால் குறுகலாகப் பார்க்கும். தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவார். வாசலுக்கு 2.8. நீண்ட சந்துக்கு 6.

இரவுப் பார்வை: கேமராவில் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. அவை அகச்சிவப்பு ஒளி தரும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அதனால் இருட்டில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். வாசலில் நல்ல விளக்கு இருந்தால் படம் இன்னும் தெளிவாகும்.

அரசு முத்திரை: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. கேமரா வழியாக வெளியாட்கள் நுழைய முடியுமா என்றும் சோதிக்க வேண்டும் என்றது. ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் தேதியும் கடையின் முத்திரையும் இருக்கட்டும்.

5. எங்கே மாட்டுவது?

உயரம்: தரையிலிருந்து 8 முதல் 10 அடி. அதற்குக் கீழே இருந்தால் கை எட்டும். மிக மேலே இருந்தால் தலைதான் தெரியும். முகம் தெரியாது.

தூரம்: 2 மெகாபிக்ஸல் கேமராவில் 15 அடிக்குள் வருபவரின் முகம் அடையாளம் தெரியும். 40 அடிக்கு அப்பால் யாரோ ஒருவர் என்றுதான் தெரியும். ஆகவே தெரு முழுதும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஆள் வரும் வழியைப் பாருங்கள். வாசல் கதவு, பின்கதவு, வண்டி நிறுத்தும் இடம். இவைதான் முக்கியம்.

வெயில்: காலைச் சூரியனையும் மாலைச் சூரியனையும் நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் படம் வெளுத்துவிடும். கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள்.

மழை: தாழ்வாரத்துக்கு அடியில் அல்லது சன்ஷேடுக்கு அடியில் மாட்டுங்கள். சுவரில் ஓட்டை போடும்போது வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். கம்பி ஓட்டைக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். மழைத் தண்ணீர் கம்பி வழியே வரும். அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டுக்குள் போகாது. கம்பி இணைப்புகளைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மின்சாரம்: பெரும்பாலான கேமராக்கள் 12 வோல்ட்டில் ஓடும். ஆனால் அடாப்டர் மாட்டும் இடத்தில் 230 வோல்ட் இருக்கிறது. அது உயிரை எடுக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வேலை செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வாங்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது கேமராவும் கண்ணை மூடிவிடும்.

மாட்டிய அன்று இரவே சோதனை செய்யுங்கள். வீட்டில் ஒருவர் வாசலில் நடந்து வரட்டும். இன்னொருவர் படத்தைப் பார்க்கட்டும். முகம் தெரிகிறதா? தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா? ஆணியை இறுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். இரவில் பூச்சிகள் கேமராவுக்கு அருகே வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். சிலந்தி வலை பின்னினால் இரவில் வலைதான் தெரியும். திருடன் தெரியமாட்டான்.

6. பக்கத்து வீட்டு மறைப்பு

ஒரு வரிசை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மாட்டும் தம்பி ஏணியில் நிற்கிறார். வீட்டுக்கார அக்கா கீழே நிற்கிறார்.

“அக்கா, இந்த மூலையில மாட்டினா பின்பக்கம் பூரா தெரியும்.”

“பூரான்னா? எங்கே வரைக்கும் தம்பி?”

“பக்கத்து வீட்டுக் கொல்லை வரைக்கும் அக்கா. போன்ல பாருங்க.”

அக்கா பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் கீற்று மறைப்பு தெரிகிறது. அந்த வீட்டுப் பெண்கள் குளிக்கும் இடம். மறைப்புக்குச் சுவர் உண்டு. கூரை இல்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

“வேணாம் தம்பி. இறக்கு.”

“யாரு பார்க்கப் போறாங்க அக்கா? நீங்க மட்டும்தானே?”

“நான் பார்க்கமாட்டேன். என் மகன் போன்லயும் வருமே. அவனும் பார்க்கமாட்டான். ஆனா அந்தப் பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தினமும் பயந்துகிட்டா குளிப்பா? எனக்குப் பயம் போகணும்னு அவளுக்குப் பயம் கொடுக்கலாமா?”

தம்பி கேமராவை இறக்குகிறார். பின்கதவு மட்டும் தெரியும்படி திருப்புகிறார். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறார். போனில் படத்தைக் காட்டுகிறார். “இவ்வளவுதான் தெரியுது. உன் கொல்லை தெரியுதான்னு நீயே பாரு” என்கிறார்.

அக்கா செய்தது நல்ல மனசு மட்டும் இல்லை. சட்டமும் அதுதான்.

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பு அது. ஒவ்வொருவருக்கும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அப்படிச் சொல்கிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. பெண் தனிமையில் இருப்பதை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் குற்றம்.

ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. 2025ஆம் ஆண்டு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சகோதரர்கள் சேர்ந்து வாழும் வீடு அது. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் வீட்டுக்குள் கேமரா வைத்திருந்தார். அது சரியல்ல என்று தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

7. கடவுச்சொல் உங்கள் கையில்

கேமராவுக்கு ஒரு சாவி உண்டு. அது இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் சேர்ந்த சாவி. அதுதான் கடவுச்சொல்.

பல கேமராக்களைத் தொழிற்சாலையிலேயே ஒரே கடவுச்சொல் போட்டு அனுப்புவார்கள். ‘அட்மின்’ என்று இருக்கும். ‘12345’ என்று இருக்கும். அது ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி. அதை மாற்றாவிட்டால் கதவைத் திறந்து போட்டது போலத்தான்.

2016ஆம் ஆண்டு மிராய் என்ற கெட்ட நிரல் உலகம் முழுதும் பரவியது. கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் அது தேடிப் பிடித்தது. அக்டோபர் 21ஆம் நாள் அவற்றை வைத்தே பெரிய தாக்குதல் நடந்தது. அமெரிக்காவில் பல இணையதளங்கள் பல மணி நேரம் நின்றுபோயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது.

நம் நாட்டிலும் நடந்தது. 2025 பிப்ரவரி. குஜராத் மாநிலம் ராஜ்கோட் நகரம். ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்கள் இணையத்தில் வந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் படங்கள் அவை. காசுக்கு விற்றார்கள். போலீஸ் பலரைக் கைது செய்தது. எளிதில் ஊகிக்கக் கூடிய கடவுச்சொல்தான் அவர்களுக்கு வழி விட்டது.

ஆகவே மாட்டி முடித்த அன்றே இதைச் செய்யுங்கள்.

மாட்டியவர் போன பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் மாற்றுங்கள். கொத்தனாரிடம் வீட்டுச் சாவியை விட்டு வைப்போமா?

பெயர், போன் நம்பர், பிறந்த ஆண்டு வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேருங்கள். கொய்யா, ஏணி, மூக்குத்தி என்பது போல. நடுவில் இரண்டு எண் போடுங்கள். இது எடுத்துக்காட்டுதான். இதையே வைக்காதீர்கள்.

உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். பீரோவில் வையுங்கள். சுவரில் எழுதாதீர்கள். போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கேமரா செயலியில் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். அதைச் செய்யுங்கள். ஓட்டையை அடைப்பது போன்றது அது.

முன்பெல்லாம் நமக்காக வேறு ஒருவர் எழுதினார். வேறு ஒருவர் படித்தார். இப்போது நாமே எழுதுகிறோம். நாமே படிக்கிறோம். நம் வீட்டுக் கடவுச்சொல்லை மட்டும் ஏன் பிறர் எழுத வேண்டும்?

8. திருட்டு நடந்துவிட்டால்

முதலில் 112க்குப் போன் செய்யுங்கள். அல்லது காவல் நிலையம் போங்கள்.

கேமராவில் பதிவு நிரந்தரம் இல்லை. அட்டை நிறைந்ததும் பழைய படம் அழியும். அதன் மேல் புதிய படம் ஏறும். ஆகவே அன்றே அந்த நேரத்துப் படத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மெமரி கார்டையோ பதிவுப் பெட்டியையோ அழிக்காதீர்கள். போலீசார் அதை எடுத்துச் சென்றால் எழுத்தில் ரசீது கேளுங்கள்.

நீதிமன்றத்தில் இந்தப் படம் சாட்சியாகும். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்துப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ‘இவன்தான் திருடன்’ என்று எழுதாதீர்கள். 2018ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வதந்தி பரவியது. ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் 5 பேரைக் கூட்டம் அடித்தே கொன்றது. அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த ஏழைகள். அவர்கள் யாரையும் கடத்தவில்லை. வாசலில் நின்றவர் எல்லாம் திருடர் இல்லை. முகவரி கேட்க வந்தவராகவும் இருக்கலாம். கேமரா காட்டட்டும். போலீஸ் விசாரிக்கட்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. கேமரா காவல்காரனா, சாட்சியா? ஏன்?
2. கம்பி சுவருக்குள் போகும் முன் ஏன் வளைவு வேண்டும்?
3. அக்கா கேமராவை ஏன் இறக்கச் சொன்னார்?
4. கேமரா மாட்டியவர் போன பிறகு முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஆ. நிரப்புங்கள்

1. வெளியே மாட்டும் கேமராவுக்கு ஐ.பி. எண் ______க்குக் குறையக் கூடாது.
2. கேமராவை ______ முதல் ______ அடி உயரத்தில் மாட்ட வேண்டும்.
3. அவசர உதவிக்கு எண் ______.

இ. கணக்கு

ஒரு கேமரா நாள் ஒன்றுக்கு 11 ஜி.பி. பதிவு செய்கிறது.

1. 128 ஜி.பி. அட்டை எத்தனை நாள் தாங்கும்?
(128 ÷ 11 = 11. மீதி 7. ஆகவே 11 நாள்.)

2. நான்கு கேமராவும் 1,000 ஜி.பி. பெட்டியும் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?
(4 × 11 = 44. பிறகு 1,000 ÷ 44. நீங்களே செய்து பாருங்கள்.)

3. பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள். முதல் கணக்கில் உள்ள அட்டை போதுமா?

ஈ. கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவுக்குப் பொதுவாகக் கேமரா வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? எது தெரியக் கூடாது? கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்? பெண்களும் இருக்கும் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவை நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.